பிரிக்காத கடிதம்



லண்டனில் ஈஸ்ட்ஹாமிலும் வெம்பிளியிலும் ஹரோவிலும் டூட்டிங்கிலும் நம்மவர் வீடுகளுக்குப் போனால், ஏதோ ஒரு மூலையில் ஒரு சின்னக் கடிதக் கட்டு இருக்கும். ஃப்ரிட்ஜுக்கு மேலே, டிவிக்குப் பின்னால், சில வீடுகளில் சாமிப்படத் தட்டிலேயே. "பிள்ளை சனிக்கிழமை வருவான், பார்ப்பான்" என்று எடுத்து வைத்தவை. பாதி விளம்பரமாக இருக்கும். மீதியில் ஒன்றிரண்டு எச்.எம்.ஆர்.சி. என்கிற வரித் திணைக்களம் அனுப்பியவை. அவற்றைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச வேண்டும்.

ஏன் பிரிக்காமல் வைக்கிறோம்? சோம்பல் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அரசாங்க முத்திரை குத்திய உறையில் நல்ல சேதி வராது என்பது ஊரிலேயே நமக்குள் ஊறிய பயம். வாசிக்கத் தெரியாத மொழியில் வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் தேடி அலைந்தவர்கள் நாம். இங்கே வந்த பிறகும் எத்தனை குடும்பங்கள் ஹோம் ஆபீஸ் கடிதம் ஒன்றுக்காக வருடக்கணக்கில் தபால்காரரைப் பார்த்துக் காத்திருந்தன! அந்த உறையைப் பிரிக்கும்போது நடுங்கிய கைதான் இன்று வரிக் கடிதத்தையும் வாங்குகிறது.

ஆனால் வரிக் கடிதம் வேறு ஜாதி. உங்கள் முதலாளி, வங்கி, பென்ஷன் நிறுவனம் ஆகியோர் கொடுத்த எண்களை வைத்து எச்.எம்.ஆர்.சி. ஒரு கணக்குப் போடுகிறது. "உங்களைப் பற்றி எங்களிடம் இருப்பது இது" என்று எழுதி அனுப்புகிறது. அந்த எண் சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். தவறு என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள். நீங்கள் பேசாமல் இருந்தால் அவர்கள் போட்ட கணக்கே நிற்கும்.

பல வீடுகளுக்கும் வருகிற ஒன்றிலிருந்து தொடங்குவோம். ஏப்ரல் 6-ல் புது வரி ஆண்டு பிறக்கிறது. நம் சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு வாரம் முன்னால் என்று நினைவு வைத்துக்கொண்டால் மறக்காது. அதற்கு முந்தைய வாரங்களில் பலருக்கும் டாக்ஸ் கோட் கடிதம் வரும். ஒரே தாள். நடுவில் 1257எல் என்று ஓர் எண். அதைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம்.

அந்த எண்ணைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். வருடத்துக்கு 12,570 பவுண்டு வரை சம்பாதித்தால் வரி இல்லை. அந்தத் தொகையின் கடைசி எண்ணை எடுத்துவிட்டால் 1257. அவ்வளவுதான் அதன் ரகசியம். 2021-லிருந்து இந்தத் தொகை அசையவில்லை. சம்பளம் கொஞ்சம் ஏற, சலுகைத் தொகை நின்ற இடத்திலேயே நிற்பதால்தான், "கூடக் கிடைத்தது எங்கே போனது?" என்று பல வீடுகளில் கேட்கிறார்கள்.

எண்ணுக்குப் பதிலாக பிஆர் என்று இருந்தால் கவனியுங்கள். அந்த வேலையில் கிடைக்கும் முழுச் சம்பளத்துக்கும், முதல் பவுண்டிலிருந்தே, 20 சதவீதம் வரி பிடிக்கச் சொல்லும் கோட் அது. பகலில் வேர்ஹவுஸ், வார இறுதியில் பெட்ரோல் ஸ்டேஷன் என்று இரண்டு வேலை செய்பவருக்கு இரண்டாவது வேலையில் பிஆர் இருப்பது முறைதான். ஆனால் முதல் வேலையை விட்டுவிட்டு இரண்டாவதையே முழுநேரமாக்கிக்கொண்ட பிறகும் அதே பிஆர் ஓடிக்கொண்டிருந்தால்? வருடத்துக்கு 2,514 பவுண்டு தேவையில்லாமல் போகிறது. மாதக் கணக்கில் 200-க்கும் மேல். ஒரு குடும்பத்தின் மளிகைச் செலவில் பெரும் பங்கு அது. பேஸ்லிப்பில் ஒவ்வொரு மாதமும் அந்த இரண்டெழுத்து இருக்கும். ஆனால் நம் கண் நேராகக் கீழே, கையில் வருகிற தொகைக்குத்தான் போகிறது.

வேலை மாறும்போது பழைய இடத்தில் தரும் பி45-ஐப் புது இடத்தில் கொடுக்காவிட்டாலும் இதே கதை. கோட்டின் முடிவில் எம்1 அல்லது டபிள்யூ1 என்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது தற்காலிகக் கோட். எச்.எம்.ஆர்.சி.யின் ஆப்பிலோ ஆன்லைன் கணக்கிலோ போய் வேலை விவரத்தைத் திருத்தினால் சரியாகிவிடும். கூடக் கட்டிய பணத்தை நான்கு வருடம் பின்னோக்கியும் கேட்டு வாங்கலாம்.

வருடம் முடிந்த பிறகு, ஜூன் தொடங்கி வரும் கடிதம் பி800. நீங்கள் கூடக் கட்டினீர்களா, குறையக் கட்டினீர்களா என்ற கணக்கு அது. பணம் திரும்பி வர வேண்டியிருந்தால் காசோலை தானாக வந்து சேரும் என்று இருந்துவிடாதீர்கள். எப்படிக் கேட்டுப் பெறுவது என்று கடிதத்திலேயே போட்டிருக்கும். கேட்டால்தான் வரும். வருட முடிவில் முதலாளி தரும் பி60-ஐப் பக்கத்தில் வைத்து எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும்.

இப்போது நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் புதிதாக ஒரு கடிதம் வரத் தொடங்கியிருக்கிறது. காரணம் எளிது. 2025-26-ல் முழுமையான புதிய அரச பென்ஷன் வாரத்துக்கு 230 பவுண்டு 25 பென்ஸ். 2026 ஏப்ரலிலிருந்து 241 பவுண்டு 30 பென்ஸ். வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 12,547 பவுண்டுக்குச் சற்று மேல். வரியில்லாத எல்லைக்கு இன்னும் 22 பவுண்டுதான் பாக்கி. அதோடு பழைய தொழிற்சாலைப் பென்ஷனோ வங்கி வட்டியோ கொஞ்சம் சேர்ந்தால், வாழ்நாளெல்லாம் சம்பளத்திலேயே வரி கட்டி முடித்த ஒருவருக்கு முதல் தடவையாக வரி கட்டச் சொல்லிக் கடிதம் வர இடமுண்டு. சிம்பிள் அசஸ்மெண்ட் என்று அதற்குப் பெயர். "நான் என்ன களவு செய்தேன்?" என்று ஓர் அப்பா கேட்டால் அவர் மேல் தவறில்லை. களவு எதுவும் இல்லை, கணக்கு எல்லை தாண்டிவிட்டது என்று பிள்ளைகள்தான் பொறுமையாகச் சொல்ல வேண்டும். எண் தவறென்றால் 60 நாளுக்குள் கேட்க வேண்டும்.

இனி, எனக்கு மிகவும் கவலை தருகிற கடிதத்துக்கு வருகிறேன்.

ஏப்ரலில் வருவது அது. வரி ரிட்டர்ன் நிரப்பி அனுப்புங்கள் என்கிற நோட்டீஸ். கடை வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கம். அவர்களுக்கு அக்கவுண்டன் இருப்பார். மாட்டிக்கொள்பவர்கள் வேறு ஆட்கள். சில மாதம் டெலிவரி ஓட்டியவர், கட்டட வேலைக்குப் போனவர், மினிகேப் ஓட்டியவர். தொடங்கும்போது செல்ஃப் எம்ப்ளாய்டு என்று பதிவு செய்து பத்து இலக்க யூடிஆர் எண் வாங்கியிருப்பார். பிறகு சம்பள வேலை கிடைத்து அதை விட்டிருப்பார். விட்டதை எச்.எம்.ஆர்.சி.க்குச் சொல்லியிருக்க மாட்டார். "இப்போதுதான் சம்பளத்திலேயே வரி பிடிக்கிறார்களே, இது எனக்கில்லை" என்று கடிதத்தை ஓரமாக வைத்துவிடுவார்.

நோட்டீஸ் வந்துவிட்டால், கட்ட வேண்டிய வரி ஒரு சதம்கூட இல்லையென்றாலும் ரிட்டர்ன் அனுப்பியே ஆக வேண்டும். ஆன்லைனில் கடைசி நாள் ஜனவரி 31. அன்று தவறினால் மறுநாளே 100 பவுண்டு தண்டம். மூன்று மாதம் கழிந்தால் நாளுக்கு 10 பவுண்டு வீதம் 90 நாளுக்கு, ஆக 900. ஆறாம் மாதத்தில் குறைந்தது 300. பன்னிரண்டாம் மாதத்தில் இன்னுமொரு 300. கூட்டிப் பாருங்கள். வரி எதுவுமே பாக்கியில்லாத மனிதருக்கு ஒரே வருடத்தில் 1,600 பவுண்டு. அடுத்த வருட நோட்டீஸும் அதே கட்டில் போய்ச் சேர்ந்தால் அதற்கும் தனியாக இன்னொரு கணக்கு ஓடும்.

இது நியாயமா என்று கேட்டால், குறைந்த வருமானக்காரர் மேல் இது பாரமாக விழுகிறது என்பதே என் கருத்து. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது, இதற்கு வழியும் வைத்திருக்கிறது. "நான் ரிட்டர்ன் அனுப்ப வேண்டிய ஆள் இல்லை, என் வேலை நிலை மாறிவிட்டது" என்று அவர்களிடம் சொல்லி நோட்டீஸைத் திரும்பப் பெறச் சொல்லலாம். ஒத்துக்கொண்டால் தண்டமும் ரத்தாகும். தண்டத்துக்கு எதிராக அப்பீலும் செய்யலாம். நோயில் கிடந்தது, ஆஸ்பத்திரியில் இருந்தது, வீட்டில் ஒரு சாவு, இவற்றையெல்லாம் காரணமாக ஏற்கிறார்கள். "அக்கவுண்டன் அனுப்புவார் என்று நம்பினேன்" என்று மட்டும் சொன்னால் போதாது. அப்பீலுக்கான 30 நாள், கடிதத்தில் அச்சிட்ட தேதியிலிருந்து எண்ணப்படுகிறது. உறை ஃப்ரிட்ஜுக்கு மேலே கிடக்கும் நாட்களும் அதில் அடக்கம்.

அறை மாறி அறை மாறி வாழும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கவுன்சிலுக்கும் வங்கிக்கும் புது முகவரி கொடுத்தால் எச்.எம்.ஆர்.சி.க்குத் தெரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். தனியாகச் சொல்ல வேண்டும். பழைய வீட்டுக் கதவுக்கு உள்ளே தண்டக் கடிதம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருக்கும். உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

பணம் கட்ட வேண்டியிருக்கிறது, கையில் இல்லை. அப்போது என்ன செய்வது? நம்மில் பலர் சீட்டு எடுக்கிறோம், நகை வைக்கிறோம், அல்லது பேசாமல் இருந்துவிடுகிறோம். ரிட்டர்னை நேரத்துக்கு அனுப்பிவிட்டு, தவணையில் கட்டுகிறேன் என்று கேளுங்கள். பாக்கி 30,000 பவுண்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் ஆன்லைனிலேயே ஏற்பாடு செய்துகொள்ளலாம். வட்டி உண்டு. ஆனால் கடன் வசூல் ஏஜென்சி கதவைத் தட்டும் நிலைக்குப் போகாது.

சரி, வந்த கடிதம் உண்மையானதா என்று எப்படித் தெரியும்? இந்தக் கேள்வி நியாயமானது. மேலே அனுப்பியவர் முகவரியைப் பார்த்தால் தெரு இல்லை, ஊர் இல்லை, பிஎக்ஸ்9 1ஏஎஸ் என்று ஒரு போஸ்ட்கோட் மட்டும் இருக்கும். வரைபடத்தில் தேடினாலும் கிடைக்காது. அதைப் பார்த்தே "இது மோசடி" என்று கிழித்துப் போடுகிறவர்கள் உண்டு. பிஎக்ஸ் என்பது இடம் சாராத போஸ்ட்கோட். வரித் திணைக்களத்தின் கடிதங்களில் அது வழக்கம்.

மோசடிக்காரர்கள் அதிகமாக வருவது உங்கள் போன் வழியாக. "உங்களுக்கு 480 பவுண்டு ரீஃபண்ட் இருக்கிறது, இந்த லிங்கை அழுத்துங்கள்" என்று ஒரு குறுஞ்செய்தி. அல்லது "உடனே கட்டாவிட்டால் ஒரு மணி நேரத்தில் கைது" என்று ஒரு குரல். ரீஃபண்ட் இருப்பதாகக் குறுஞ்செய்தியிலோ ஈமெயிலிலோ அறிவித்து வங்கி விவரம் கேட்கும் வழக்கம் எச்.எம்.ஆர்.சி.க்குக் கிடையாது. அந்தக் குறுஞ்செய்தியை 60599 என்ற எண்ணுக்கு ஃபார்வேர்டு செய்துவிட்டு அழித்துவிடுங்கள். கடிதத்தின் மேல் சந்தேகம் என்றால், அரசாங்கத்தின் கவ்.யூகே தளத்தில் இப்போது எந்தெந்தக் கடிதங்களை அனுப்புகிறோம் என்று அவர்களே பட்டியல் போட்டிருக்கிறார்கள். போன் செய்வதானாலும் அந்தத் தளத்தில் உள்ள எண்ணுக்கே செய்யுங்கள்.

இன்னொரு வகை ஆட்களிடமும் கவனமாக இருங்கள். "உங்களுக்கு ரீஃபண்ட் எடுத்துத் தருகிறேன், இங்கே ஒரு கையெழுத்து" என்று நம் மொழியிலேயே பேசி வருகிறவர்கள். நம்மவர் என்பதால் வாசிக்காமல் போட்டுவிடுகிறோம். ரீஃபண்ட் உரிமையையே அப்படி எழுதி வாங்கிக்கொள்வது 2023 மார்ச் 15-க்குப் பிறகு செல்லாது. இருந்தாலும் உங்கள் பெயரில் பொய்க் கணக்குக் காட்டி ஒருவர் பணம் எடுத்தால், பின்னால் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் உங்களுக்குத்தான் வரும். அவருடைய போன் எண் அப்போது வேலை செய்யாது.

கொஞ்சம் சங்கடமான விஷயத்தையும் பேசிவிடுவோம். நம்மில் பலருக்கு வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட், யாழ்ப்பாணத்தில் ஒரு வீடு, சென்னையில் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட் இருக்கிறது. வாடகையும் வட்டியும் வருகிறது. "அது ஊர்க்காசு, இங்கே எதற்குச் சொல்ல வேண்டும்?" என்று நினைக்கிறோம். பிரிட்டனில் குடியிருப்பவர் உலகில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே வரிக் கணக்கில் வரும் என்பதே பொது விதி. இந்தியாவில் என்ஆர்இ டெபாசிட் வட்டிக்கு வரி இல்லை என்றால், அது இந்தியாவில் மட்டும்தான். 100-க்கும் மேற்பட்ட நாடுகள் வங்கிக் கணக்குத் தகவலை ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்கின்றன. இந்தியா 2017 முதல் அதில் இருக்கிறது. ஒரே வருமானத்துக்கு இரண்டு இடத்தில் முழு வரி விழாமல் இருக்க இலங்கையோடும் இந்தியாவோடும் ஒப்பந்தங்கள் உண்டு. அதைச் சொல்லித்தான் பயன் பெற முடியும்.

"உங்களுக்கு வெளிநாட்டு வருமானம் இருப்பதாகத் தகவல் இருக்கிறது" என்று ஒரு கடிதம் வந்தால், கூடவே கையெழுத்துக் கேட்டு ஒரு படிவமும் இருக்கலாம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டு அனுப்பிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைக்கத் தோன்றும். செய்யாதீர்கள். அதில் தவறான உறுதி கொடுப்பது வரியைவிடப் பெரிய சிக்கல். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் கடிதத்துக்குப் பதில் போக வேண்டும். இந்த ஓர் இடத்தில் முறையாகப் பதிவு பெற்ற வரி ஆலோசகருக்குக் காசு கொடுப்பது வீண் செலவில்லை. கவனக்குறைவால் விட்டதை நீங்களாகவே போய்ச் சொன்னால் தண்டம் வெகுவாகக் குறைய, சில வேளை இல்லாமலே போகவும் இடமுண்டு. அவர்கள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகு சொன்னால் தண்டம் கூடும்.

தேவையில்லாமல் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். தான் வாழும் வீட்டில் ஓர் அறையைத் தளபாடங்களோடு ஒரு மாணவருக்கு வாடகைக்கு விட்டிருப்பார். யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று உள்ளுக்குள் பதறுவார். அப்படி வரும் வாடகை வருடத்துக்கு 7,500 பவுண்டு வரை வரியில்லாதது. வேறொரு வீட்டை முழுதாக வாடகைக்கு விட்டுச் சொல்லாமல் இருப்பவர்களுக்கோ, தாமாக முன்வந்து சொல்ல ஒரு தனித் திட்டமே 2013-லிருந்து இருக்கிறது.

வாடகையும் சொந்தத் தொழில் வரவும் சேர்ந்து, செலவு கழிக்கும் முன்பே 50,000 பவுண்டைத் தாண்டுபவர்கள் 2026 ஏப்ரல் 6 முதல் மென்பொருளில் கணக்கு வைத்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை அனுப்ப வேண்டும். 2027-ல் 30,000, 2028-ல் 20,000 என்று அந்த எல்லை இறங்குகிறது. சின்ன மளிகைக் கடைக்காரர்களும் இதில் வரக்கூடும். இதைப் பற்றிக் கடிதம் வந்தால் அக்கவுண்டனிடம் உடனே காட்டுங்கள்.

இதையெல்லாம் வீட்டில் யார் வாசிப்பது? பல வீடுகளில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளையிடம் தண்டக் கடிதத்தைக் கொடுத்து "என்ன போட்டிருக்கு, சொல்லு" என்று கேட்கிறோம். அதற்கு இங்கிலீஷ் தெரியும், வரி தெரியாது. அப்பாவின் முகம் மாறுவது மட்டும் தெரியும். தயவுசெய்து அந்தப் பாரத்தைப் பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள். வளர்ந்த மகனோ மகளோ இருந்தால், உங்கள் வரி விவகாரத்தை உங்கள் சார்பில் ஆன்லைனில் பார்க்க முறைப்படி பதிவு செய்துகொள்ளும் வசதி இருக்கிறது. போனில் பேசும்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எச்.எம்.ஆர்.சி.யிடமே கேட்கலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு டாக்ஸ்எய்டு என்ற அறக்கட்டளை இலவசமாக உதவுகிறது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகங்களும் இருக்கின்றன. கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும் எடுத்துக்கொண்டு போங்கள்; முதல் பக்கத்தை மட்டும் போனில் படம் பிடித்துக் காட்டினால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

கடைசியாக, பயத்தில் கிழித்துவிடக் கூடாத ஒரு கடிதம். 2023 இலையுதிர்காலத்தில் எச்.எம்.ஆர்.சி. பல பெண்களுக்கு, முக்கியமாக வயதான தாய்மாருக்கு, எழுதத் தொடங்கியது. 1978 முதல் 2010 வரை, வேலைக்குப் போகாமல் வீட்டில் பிள்ளை வளர்த்து சைல்ட் பெனிஃபிட் வாங்கிய வருடங்களை அரச பென்ஷன் கணக்கில் சேர்க்க ஒரு பாதுகாப்பு இருந்தது. 2000 மே மாதத்துக்கு முன் விண்ணப்பித்த பலரது படிவத்தில் நேஷனல் இன்சூரன்ஸ் எண் இல்லாததால் அந்த வருடங்கள் அவர்கள் கணக்கில் ஏறவே இல்லை. பென்ஷன் குறைந்துபோனது.

1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கைக்குழந்தையோடு வந்து இறங்கிய நம் தாய்மாரை நினைத்துப் பாருங்கள். கணவர் இரண்டு வேலைக்கு ஓட, இவர்கள் பிள்ளைகளை வளர்த்தார்கள். சைல்ட் பெனிஃபிட் புத்தகம் இவர்கள் பெயரில்தான் இருந்தது. இன்று குறைந்த பென்ஷனை "நமக்கு இவ்வளவுதான்" என்று வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இவர்களுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கொடுக்கத்தான் அந்தக் கடிதம். கடிதம் வராவிட்டாலும் கவ்.யூகே தளத்தில் தகுதியைப் பார்த்து, சிஎஃப்411 என்ற படிவத்தில் விண்ணப்பிக்கலாம். கையில் பழைய ரசீது இல்லையென்று விட்டுவிடாதீர்கள். அம்மா காலமாகிவிட்டிருந்தாலும் அவர் சார்பில் பிள்ளைகள் விண்ணப்பிக்க முடியும்.

அன்புடன்,
ஆசிரியர்